குறைந்த பிள்ளைகள், கூடிய பள்ளி ஆண்டுகள்: ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து தமிழ்நாட்டின் கல்லூரிப் பெருக்கத்தைப் பார்த்தல்

சென்னையில் அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோட்டத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையே ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் ஒட்டிக் கிடக்கின்றன. சில கிலோமீட்டர் தொலைவில் அண்ணா பல்கலைக்கழகமும் ஐஐடியும் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. தென்னிந்தியாவின் உயர்கல்வி இவ்வளவு நெருக்கமாகக் குவிந்த இடம் வேறு அதிகமில்லை. பக்கத்தில் கல்லூரி இருப்பதும் அங்கே போய்ச் சேர்வதும் ஒன்றாகிவிடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் கிடந்த நீண்ட காலத்தை எது கடக்க வைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இட ஒதுக்கீடு, சத்துணவு, இலவசக் கல்வி என்று வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் எல்லாம் சரியானவையே. அவற்றோடு சேர்த்து எண்ணப்படாத ஒன்று உண்டு. அது வீட்டில் பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை.

1882இல் பிரம்மஞான சபை அடையாற்றில் தோட்டம் வாங்கிக் குடியேறியது. அதன் தலைவர் ஹென்றி ஸ்டீல் ஒல்காட், 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கென ஊரூர்ப் பகுதியில் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பிறகு மயிலாப்பூர், கோடம்பாக்கம் எனச் சென்னையின் பிற பகுதிகளிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. சாதியால் பள்ளி வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு எழுத்து போய்ச் சேர்ந்தது பெரிய காரியம். ஆனால் அவை தொடக்கப் பள்ளிகள். அந்தக் காலத்தின் அளவு என்னவென்று 1901 கணக்கெடுப்பு காட்டுகிறது. சென்னை மாகாணத்தில் ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு எழுத்தறிவு இருந்தது. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

பள்ளி வீட்டு வாசலிலேயே இருந்தும் பிள்ளை ஏன் அதில் நிலைக்கவில்லை? சாதியும் வறுமையும் முதற்காரணங்கள். அவற்றுக்குள்ளேயே மக்கள்தொகையின் கணக்கு ஒன்று மறைந்திருக்கிறது. பிறந்த பிள்ளைகளில் பலர் ஐந்து வயதைத் தாண்டாத காலத்தில், பெற்றோர் நிறையப் பெற்றுத்தான் சிலரைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த பெண்ணுக்குப் பள்ளி ஆண்டுகள் குறைவு. தாய் மீன்கூடையோடு தெருவுக்குப் போனால் இடுப்பில் கைக்குழந்தையைச் சுமப்பவள் அவள்தான். பையனுக்கோ கடல் காத்திருந்தது. கட்டுமரத்துக்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலைக்கு இருபது முப்பது கைகள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாத தொழிலில் மகன்தான் ஆள். பத்து வயதுப் பிள்ளை பள்ளியில் உட்கார்ந்திருந்தால் வலை இழுக்க ஒரு கை குறைந்தது என்பதே வீட்டின் கணக்கு. இதைப் பெற்றோரின் அறியாமை என்று எழுதிவந்த பழைய அறிக்கைகள் அந்த வீடுகளின் பொருளாதாரத்தைப் பார்க்க மறுத்தன.

விடுதலைக்குப் பின் நிலைமை இருவழியாக நகர்ந்தது. காமராசர் ஆட்சியில் பள்ளிகள் ஊர் ஊராகத் திறந்தன. 1956இல் மதிய உணவு வந்தது. 1960களின் நடுவில் உயர்நிலைப் பள்ளி வரை கட்டணம் நீங்கியது. அதே காலத்தில் அம்மையும் மலேரியாவும் காலராவும் பின்வாங்க, பிழைத்த பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. 1951இல் 3.01 கோடியாக இருந்த இன்றைய தமிழ்நாட்டுப் பரப்பின் மக்கள்தொகை 1971இல் 4.12 கோடி ஆயிற்று. திறந்த பள்ளிகளில் பெரும்பகுதி, புதிதாகச் சேர்ந்த தலைகளுக்கு இடம் கொடுக்கவே சரியாக இருந்தது. எழுத்தறிவு கூடியது, ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் மிகுதி. கல்லூரி அப்போதும் சிறு கூட்டத்தின் உடைமை.

திருப்பம் கருவுறுதல் வீழ்ச்சியில் வந்தது. அதன் வேர் தமிழகத்தில் பழையது. 1920களின் இறுதியிலேயே சென்னையில் நவ மால்தூசியக் கழகம் கருத்தடை பற்றிப் பேசியது. பெரியார் அதைவிட ஆழமான இடத்திலிருந்து பேசினார். நாட்டின் வறுமையோ தாயின் உடல்நலமோ அவருக்கு முதற்காரணமாக இருக்கவில்லை. பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று வாதிட்டார். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலராகி, 1950களின் பிற்பகுதியில் அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை தரும் முறையை முன்னெடுத்தார். பிற்காலத்தில் டி.வி. அந்தோணி போன்ற தலைமைச் செயலர்கள் குடும்ப நலத்தைத் தம் தனி அக்கறையாகவே கொண்டனர். மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1971இல் 3.9 ஆக இருந்த மொத்தக் கருவுறுதல் விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள்), 1993 அளவில் பதிலீட்டு அளவான 2.1க்கு வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் அது 1.76.

இந்த இறக்கத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைக் கடந்து போகக் கூடாது. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு பெரும்பாலும் பெண்ணின் அறுவையாகவே நடந்தது. இருபதுகளின் நடுவில், இரண்டாம் பேறு முடிந்த கையோடு, அரசு மருத்துவமனைக் கட்டிலில் அது முடிந்தது. அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போனதன் பின்னால் அந்த ஏழைத் தாய்மாரின் உடல் இருக்கிறது. கல்வி வரலாறுகள் அவர்களுக்கு இன்னும் ஓர் அத்தியாயம்கூடத் தரவில்லை.

படிப்பு முதலில் வந்ததா, சிறு குடும்பம் முதலில் வந்ததா? 1980இல் மக்கள்தொகையியலாளர் ஜான் கால்டுவெல், வெகுமக்கள் கல்வியே பிறப்பைக் குறைக்கிறது என்றார். பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் உழைக்கும் கையாக இருப்பது போய்ச் செலவாகிறது. பெற்றோர் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். 2002இல் மற்றொரு மக்கள்தொகையியலாளர் பி.என். மாரி பட் இந்தியத் தரவைக் கொண்டு இந்த உறவின் மறுபாதியைக் காட்டினார். இந்தியாவில் பிறப்பு விகிதம் இறங்கியதில் பெரும்பங்கு படிக்காத பெண்களுடையது. அவர்கள் குறைவாகப் பெற்றதால்தான் அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் தங்கினார்கள். கல்வி செய்த உதவியைச் சிறு குடும்பம் கல்விக்கே திருப்பிச் செய்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மாரி பட்டின் வாதமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. 1981இல் இங்கே எழுத்தறிவு பெற்ற பெண்கள் பாதிக்கும் குறைவு. அதற்குப் பின் வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் கருவுறுதல் விகிதம் பதிலீட்டு அளவுக்கு இறங்கியது. படித்த பெண்கள் மட்டும் முடிவு செய்திருந்தால் இந்த வேகம் வந்திருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத தாய், தன் மகள் தன்னைப்போல் நின்றுவிடக் கூடாது என்று எடுத்த முடிவு அது.

மீனவர் குப்பங்களில் இதோடு தொழிலின் மாற்றமும் சேர்ந்தது. கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் வந்தன. துடுப்புக்கு வேண்டிய கைகள் குறைந்தன. டீசலுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் வேண்டிய பணம் கூடியது. மகனின் உழைப்பைவிட ரொக்கம் அவசியமாயிற்று. ஆறும் கடலும் சேருமிடத்தில் கழிவு கலந்து கரையோர மீன்பாடு சுருங்க, தொழிலை மகனிடம் ஒப்படைக்கும் நம்பிக்கையும் சுருங்கியது. இரண்டே பிள்ளைகள் என்ற நிலையில் அந்த நம்பிக்கையைப் பள்ளிப் பக்கம் திருப்புவது முதன்முறையாகக் கைக்கு எட்டியது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு அந்தத் திருப்பத்துக்குத் துணை நின்றது.

பள்ளி முடித்தவர்கள் பெருகிய நேரத்தில் கல்லூரி இடங்களும் பெருகின. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியே 20 விழுக்காடு ஒதுக்கீடு. பட்டணவர், செம்படவர் உள்ளிட்ட மீனவச் சமூகங்கள் இந்தப் பட்டியலில் வருகின்றன. 2006இல் தொழிற்கல்லூரிச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு சட்டத்தால் நீக்கப்பட்டது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டியது. பெண் இத்தனை வகுப்பு படித்திருந்தால்தான் உதவி என்ற நிபந்தனையும், 2011இல் பட்டதாரிப் பெண்ணுக்கு உதவித்தொகையை 50,000 ரூபாயாக்கியதும் திருமண வயதைத் தள்ளிப்போட்டன. 2022இல் அந்தத் திட்டமே புதுமைப் பெண் என்று மாறி, திருமணத்தை விட்டுக் கல்லூரிக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதாயிற்று. பத்தாண்டுப் பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள் 2015-16இல் 50.9 விழுக்காடு, 2019-21இல் 56.6 விழுக்காடு.

இப்போது மாநிலம் பெருமையோடு சொல்லும் எண்ணுக்கு வருவோம். 18 முதல் 23 வயதுக்குட்பட்டவர்களின் தொகைக்கு உயர்கல்வியில் இருப்பவர்களின் விகிதமே மொத்தச் சேர்க்கை விகிதம். நூறு இளைஞருக்கு நாற்பது பேர் கல்லூரியில் இருந்தால் 40. அடுத்த தலைமுறையில் இளைஞர் தொண்ணூறாகக் குறைந்து, அதே நாற்பது பேர் கல்லூரிக்குப் போனால் 44.4. ஒருவர்கூடப் புதிதாகச் சேராமலே விகிதம் உயர்ந்துவிடும். இது வெறும் கணக்கு விளையாட்டல்ல என்பதைத் தமிழ்நாட்டின் தரவே காட்டுகிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2019-20இல் தமிழ்நாட்டுக்கு 51.4 என்று வெளியிட்டது. அடுத்த ஆண்டு 46.9. கல்லூரிகள் காலியாகிவிடவில்லை, 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட மக்கள்தொகை மதிப்பீட்டுக்குப் பதில் 2011 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டார்கள். அவ்வளவுதான். இரண்டில் எதை எடுத்தாலும் அகில இந்திய அளவைவிட ஏறத்தாழ இருபது புள்ளி மேலேதான் தமிழ்நாடு நிற்கிறது. பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். சாதனை மெய்யானது, ஆனால் அதன் ஒரு பகுதி குறைந்த பிறப்பின் கொடை என்பதை ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு திட்டமிட முடியும்.

இலங்கையை ஒரு கணம் பார்ப்பது பயன்படும். 1945இல் இலவசக் கல்வி தந்த நாடு அது. பள்ளி முடித்த இளைஞர் தொகை வீங்கியபோது பல்கலைக்கழக இடங்கள் வீங்கவில்லை. 1970களில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மதிப்பெண்களில் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. இருந்த சில இடங்களை இனமும் மாவட்டமும் பங்கிட்டுக்கொள்ள மோதிய அந்தக் காலம் யாழ்ப்பாண இளைஞர்களிடம் ஆறாத கசப்பை விட்டுச் சென்றது. தமிழ்நாட்டிலோ இளைஞர் தொகை நிலைப்படத் தொடங்கிய காலத்தில் இடங்கள் பெருகின. ஒதுக்கீட்டை இங்கே 69 விழுக்காட்டில் காக்க முடிந்ததற்கு அரசியல் உறுதியே முதற்காரணம். போட்டியின் வெப்பத்தை மக்கள்தொகை தணித்ததும் உடன் காரணம்.

குறைந்த பிறப்பின் கொடைக்கு மறுபக்கம் உண்டு. 2010களின் இறுதியில் பொறியியல் கலந்தாய்வில் ஏறத்தாழ பாதி இடங்கள் நிரம்பாமல் நின்றன. 2019இல் ஒரு மாணவரும் சேராத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. பிள்ளைகள் குறையும்போது எல்லாப் பள்ளிகளும் சமமாகக் குறைவதில்லை. இருக்கும் பிள்ளைகளைத் தனியார் ஆங்கில வழிப் பள்ளிகள் இழுத்துக்கொள்ள, சுருக்கம் முழுவதும் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளின் தலையில் விழுகிறது. குப்பத்தை ஒட்டிய பெசன்ட் நகரில் இது இன்னும் கூர்மை. வீட்டுவசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்த காலத்தில் வந்த நடுத்தரக் குடும்பங்கள் இன்று முதியோர் வீடுகளாகிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ. அங்கே பொதுப் பள்ளியை நம்பி நிற்பவர்கள் குப்பத்துப் பிள்ளைகளும் வீட்டுவேலை செய்வோரின் பிள்ளைகளும்தான். மாணவர் எண்ணிக்கை குறைவு என்று ஒரு பொதுப் பள்ளியை இணைத்தாலோ மூடினாலோ, அது தட்டுவது பஸ் செலவை மட்டுமல்ல. மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021 முதலும் வழங்கப்படும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. பள்ளி போனால் அந்த உரிமையும் கூடவே போகும்.

இடப்பெயர்வு இதைவிடக் கொடியது. 2000 முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் ஏழைகள் தெற்கே கொண்டுசெல்லப்பட்டனர். 2004 ஆழிப்பேரலைக்கும் 2015 வெள்ளத்துக்கும் பின் அது வேகம் பெற்றது. அடையாற்றங்கரைக் குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவிலேயே பெயர்க்கப்பட்டன. நகரின் நடுவே பள்ளிகள் பிள்ளையில்லாமல் நிற்க, பல்லாயிரம் வீடுகள் கொண்ட புதுக் குடியிருப்புகளில் வகுப்பறைகள் நெரிந்தன. ஊரூர் ஒல்காட் குப்பம் இன்றும் தன் மணலில் இருக்கிறது. கடலோர விரைவுச் சாலைத் திட்டம் பேசப்பட்டபோது மீனவர்கள் எழுந்து நின்று எதிர்த்தார்கள். அதை வெறும் வாழ்விடப் போராட்டமாகப் படித்தால் போதாது. கல்லூரிக்கு நடந்தும் ஒரே பஸ்ஸிலும் போகக்கூடிய தொலைவைக் காத்துக்கொண்டதும் அதில் அடங்கும்.

இந்த வரலாற்றைச் சராசரிகள் மறைக்கின்றன. 2011இல் சென்னையின் எழுத்தறிவு 90 விழுக்காடு. வார்டுக் கணக்கில் அடுக்குமாடியும் குப்பமும் ஒரே வரிசையில் கலந்துவிடுகின்றன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 2010 கணக்கெடுப்பு, தமிழ்நாட்டின் 573 மீனவர் ஊர்களையும் அவற்றில் வாழும் 8 லட்சம் மக்களையும் தனியே எண்ணியது. அப்படி எண்ணும்போதுதான் எந்தக் குப்பத்தில் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் நிற்கிறார்கள், எங்கே பட்டம் வரை போகிறார்கள் என்று கேட்கவே முடிகிறது. 2021இல் நடக்காமல் போன நாட்டின் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ ஆதாரநாளாகக் கொண்டு, சாதி விவரத்தோடு நடக்கவிருக்கிறது. சேர்க்கை விகிதத்தின் கீழ்எண் மறுபடி மாறும். தமிழ்நாட்டின் 47 மேலேறலாம், கீழிறங்கலாம். அந்த ஏற்ற இறக்கத்தைவிட, சாதியும் வயதும் படிப்பும் ஊர்வாரியாக ஒரே அட்டவணையில் வெளியிடப்படுகின்றனவா என்பதே குப்பத்துக்கு முக்கியம். மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் அந்த அட்டவணையை இப்போதே கேட்டு வாங்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்தபின் கேட்டால் கிடைக்காது.