கரேசன்சுயி: உலர் தோட்டமும் ஹைக்கூவும்

தண்ணீரே இல்லாமல் ஆற்றையும் கடலையும் காட்டும் ஜப்பானியத் தோட்ட வகை கரேசன்சுயி. இதில் வெண்சரளை நீராகவும் பாறை மலையாகவும் நிற்கும். பௌத்தத் தோட்டங்கள் தொடக்கத்தில் இவ்வளவு துறவு பூண்டவையல்ல. உஜி நகரில் 1053இல் அமிதாப புத்தருக்கு மண்டபம் எழுந்த பியோதோ-இன் கோயிலில், அவருடைய மேற்றிசைச் சொர்க்கம் குளமும் சோலையுமாக உருவெடுத்தது.

ஜென் துறவி முசோ சோசெக்கி (1275–1351) வேறு வழி காட்டினார். கியோத்தோவின் சைஹோ-ஜி கோயிலை 1339இல் புதுப்பித்தவர் அவர். அங்கே மேற்சரிவில் உள்ள நீரற்ற பாறை அருவியும் அவர் அமைத்ததே என்பது மரபு. தோட்டக்கலையையும் தியானத்தையும் பிரித்துப் பார்ப்பவர் மெய்யான சாதகர் அல்லர் என்று அவர் கருதினார்.

இவ்வகையின் உச்சம் கியோத்தோவின் ரியோவான்-ஜி. 1450இல் நிறுவப்பட்ட இக்கோயில் ஓனின் போரில் அழிந்து, 1488இல் மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள சரளைப் பரப்பில் 15 கற்கள். அவற்றின் அடியில் பாசி மட்டுமே பசுமை. தாழ்வாரத்தில் எங்கு அமர்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். முழுமையை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உரையும் சொல்லிவிடாது. வடிவமைத்தவர் யார் என்பது முடிவாகாத விவாதம். ஆனால் ஒரு கல்லின் பின்புறத்தில் கொதாரோ என்ற பெயரோடு இன்னொரு பெயரும் செதுக்கப்பட்டுள்ளது. இவர்கள் கவாரமோனோ எனப்பட்ட, சமூகம் ஒதுக்கிவைத்த ஆற்றங்கரைத் தொழிலாளர்கள் என்று கருதப்படுகிறது. ஜென் தோட்டத்தின் பெருமையில் இக்கைகளுக்குரிய பங்கை மறைப்பது அநீதி.

தோட்டத்தில் கல் செய்ததை ஹைக்கூ கவிதையில் 17 அசைகள் செய்தன. கவிஞர் மட்சுவோ பாஷோ (1644–1694) புச்சோ என்ற ஜென் துறவியிடம் தியானம் பயின்றவர். 1689இல் வட ஜப்பான் பயணத்தின்போது, உன்கான்-ஜி கோயில் மலையில் அந்த ஆசிரியர் வாழ்ந்த குடிசையைத் தேடிச் சென்று கண்டார். பருவம் சுட்டும் ஒரு சொல், இரு காட்சிகளுக்கு நடுவே ஒரு வெட்டு; அந்த இடைவெளியில் கவிஞர் விளக்கம் தராமல் விலகிக்கொள்கிறார்.

எல்லா ஹைக்கூவையும் ஜென்னுக்குள் அடக்கிவிடலாகாது. கவிஞர் இஸ்ஸா (1763–1828) அமிதாபரின் அருளை நம்பிய ஜோதோ ஷின்ஷு மரபினர். ஹைக்கூ என்ற பெயரை 1890களில் நிலைநிறுத்திய மசவோகா ஷிகி, கண்ணால் கண்டதை அப்படியே தீட்டுவதையே வலியுறுத்தினார். தமிழில் இக்கவிதை வடிவத்தை முதலில் அறிமுகம் செய்தவர் பாரதியார். 1916இல் சுதேசமித்திரனில் எழுதிய கட்டுரையில் அதன் சொற்சுருக்கத்தை வியந்து போற்றினார்.