தொழில்வழிச் சிகிச்சை மாணவர்களின் திறன்களும் நடத்தையும்

தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேசனல் தெரபி) என்பது நோய், காயம், பிறவிக் குறைபாடு, முதுமை ஆகியவற்றால் அன்றாடச் செயல்களில் இடர்ப்படுவோர் அவற்றை மீண்டும் செய்யவோ, மாற்று வழியில் செய்யவோ உதவும் நலவாழ்வுத் துறை ஆகும். இங்கு 'தொழில்' என்பது வருவாய் தரும் வேலையை மட்டும் குறிப்பதன்று. உண்ணல், குளித்தல், உடுத்தல், எழுதுதல், விளையாடுதல் ஆகியனவும் இதில் அடங்கும். பிறருடைய அந்தரங்கச் செயல்களில் உடனிருக்க வேண்டியிருப்பதால், இத்துறை மாணவருக்குத் திறனும் நன்னடத்தையும் பிரிக்க முடியாதவை.

வரலாறு

இந்தியாவில் இத்துறையின் முதல் பள்ளி 1950இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கரால் தொடங்கப்பட்டது. 1952இல் உருவான உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. தமிழ்நாட்டில், 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தவாறே பணியாற்றினார். அவரது முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

அடிப்படைத் திறன்கள்

மேற்கூறிய கூட்டமைப்பின் கல்வித் தரம், மாணவர் குறைந்தது 1000 மணிநேரம் களப்பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அங்கு வளர்க்க வேண்டிய முதன்மைத் திறன் செயல் பகுப்பாய்வு ஆகும். அதாவது, ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் தடை உள்ளது எனக் கண்டறிதல்.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் காணும் குழித்தறியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நெசவாளர் குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு அமர்கிறார். மிதிகளை மாற்றி மிதிக்கிறார். பாவு நூல்களுக்கு இடையே நாடாவைச் செலுத்துகிறார். ஊடை நூலை அடித்து நெருக்குகிறார். அறுந்த இழையைக் கண்டு முடிகிறார். பக்கவாதத்துக்குப் பின் ஒருவரால் நெய்ய இயலவில்லை என்றால், காரணம் கையின் தளர்ச்சியாக இருக்கலாம். குழியில் இறங்க இயலாமை, கால் மிதியில் நிலைக்காமை, ஒரு பக்கத்தைக் கவனிக்கத் தவறுதல் ஆகியவையும் காரணமாகலாம். காரணத்திற்கேற்பப் பயிற்சி, இருக்கை மாற்றம், கைப்பிடி போன்ற தீர்வுகள் வேறுபடும். நெய்ய இயலாத காலத்தில் தார் சுற்றுதல் போன்ற வேலை பொருந்துமா என்பதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும்.

நடத்தை நெறிகள்

* தொடுவதற்கு முன் நோக்கத்தை விளக்கி ஒப்புதல் பெறுதல்.
* குளித்தல், உடுத்தல் பயிற்சிகளில் மறைவைக் காத்தல்.
* மேற்பார்வையாளர் இன்றித் தமக்குத் தெரியாத சிகிச்சையை மேற்கொள்ளாதிருத்தல்.
* செய்ததையும் செய்யாததையும் உள்ளபடி பதிவு செய்தல்.
* 'முழுதும் குணமாகும்' என்று உறுதி கூறாதிருத்தல்.

இரகசியம் காத்தல் சிற்றூர்களில் கடினமானது. "அவர் எப்போது தறிக்கு வருவார்?" என்று நெசவு முதலாளியோ அண்டை வீட்டாரோ இயல்பாகக் கேட்பர். நோயாளியின் கூலியும் முன்பணமும் அந்த விடையைச் சார்ந்திருக்கக்கூடும். ஆகவே அவரது ஒப்புதலின்றி மாணவர் விடை கூறலாகாது. மனநலத் தகவல்களை மறைவாக வைத்திருக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு வழங்குகிறது.

இவற்றையும் பார்க்க

* இயன்முறை மருத்துவம்
* பக்கவாதம்
* காஞ்சிபுரம் பட்டு