பயனர் உரிம ஒப்பந்தமும் கருவி உடைமையும் (நியூசிலாந்து)

கைபேசியையோ கணினியையோ காசு கொடுத்து வாங்கினால் கருவி வாங்கியவருக்குச் சொந்தம். அதில் ஓடும் மென்பொருளோ, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தும் உரிம ஒப்பந்தத்தின்படி பயன்படுத்த மட்டுமே கிடைக்கிறது. இந்த இழுபறியில் நியூசிலாந்துச் சட்டம் பெரும்பாலும் வாங்குபவர் பக்கமே நின்றிருக்கிறது.

1993இன் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம், விற்ற பொருள் தரமாக இருக்க வேண்டும், உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலம் வரை கிடைக்க வேண்டும் என்கிறது. 2003இல் செய்த திருத்தம் மென்பொருளையும் ‘பொருள்’ என்றே வரையறுத்தது. ஆகவே வீட்டுத் தேவைக்கு வாங்கியவரிடம், ‘எதற்கும் பொறுப்பில்லை’ என்ற உரிம வாசகம் செல்லாது. இத்துறையின் மிக முக்கியமான அடி இதுதான்.

பதிப்புரிமை அவ்வளவு தாராளமாக இல்லை. ஐடியூன்ஸ் கடை 2006 டிசம்பரில் இங்கே திறந்த பிறகும், சொந்தக் குறுந்தகட்டின் பாட்டை ஐபாடில் ஏற்றுவது உரிமை மீறலாகவே இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2008 திருத்தம், தனக்குச் சொந்தமான ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நகல் எடுக்க அனுமதித்தது. ஆனால் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னால் ஒப்பந்தமே செல்லும். திரைப்படங்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. டிஜிட்டல் பூட்டுகளுக்கும் அதே திருத்தம் பாதுகாப்பு தந்தது. வெளிநாட்டு டிவிடியை ஓடவிடாத வட்டாரப் பூட்டை மட்டும் விலக்கியது; இந்தியாவிலிருந்து படத்தட்டு கொண்டுவந்த குடும்பங்களுக்கு இது உதவியது.

2015 மார்ச்சில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்குத் தடை வந்தது. ஆனால் அதற்காக நீதிமன்றம் போகும் உரிமை வணிக ஆணையத்துக்கு மட்டுமே; தனிமனிதருக்கு இல்லாதது குறையே. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், குற்றவியல் சட்டப்படி டிஜிட்டல் கோப்பும் சொத்துதான் என்று தீர்ப்பளித்தது.

1993 சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் கிடைக்காது என்று விற்கும்போதே சொல்லிவிட்டால் தயாரிப்பாளர் தப்பிக்கலாம். இதை அடைக்க, பசுமைக் கட்சியின் மராமா டேவிட்சன் கொண்டுவந்த பழுதுபார்ப்பு உரிமை மசோதா 2025 பிப்ரவரியில் முதல் வாசிப்பைத் தாண்டியது.

ஆக்லாந்துவாசிகள் கடையில் பணம் கட்டுமுன், பழுதுபார்ப்பு கிடைக்காது என்ற அறிவிப்பு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தகராறு வந்தால் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை. வாங்கியவரே ரசீதோடு நேரில் பேசலாம்.