உரிமை கோரப்படாத உடலும் சட்டமும்: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

உறவினர் எவரும் கோராத உடலை அரசு என்ன செய்யலாம் என்பதை வெவ்வேறு காலங்களில் எழுந்த சட்டங்கள் தீர்மானிக்கின்றன. 'உரிமை கோரப்படாமை' என்பது உடலின் இயல்பு அன்று. காலவரம்பும் தொலைவும் வறுமையும் சேர்ந்து உருவாக்கும் சட்டநிலையே அது. தூத்துக்குடி முத்துக்குளித்துறையைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உடற்கூறியல் சட்டம், நல்லடக்கம், முத்துக்குளித்துறை, கடற்சாவு, தூத்துக்குடி.

1. முன்னுரை

தூத்துக்குடி வந்துபோவோரின் ஊர். சலாபக் காலங்களில் குளியாட்களும் வணிகரும் கூலிகளும் கரையில் திரண்டனர். 1876இல் இருப்புப்பாதை வந்தபின், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் இவ்வழியே கொழும்புக்குக் கப்பலேறினர். இத்தகைய ஊரில் உற்றாரின்றி இறப்பது அரிதன்று.

ஆதரவற்றோரை அடக்கம் செய்வதை இக்கடற்கரையின் மூன்று சமயமரபுகளும் கடமையாகவே கருதின. இந்து மரபு 'அநாதப் பிரேத சம்ஸ்காரம்' என்று அதைப் போற்றியது. கத்தோலிக்க மரபில் இறந்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று. இசுலாத்தில் அது சமுதாயம் முழுமைக்கும் உரிய 'ஃபர்ளு கிஃபாயா'. இக்கடமையை அரசு ஏற்றபோது அதனுடன் வேறொரு நோக்கமும் இணைந்தது.

2. உடற்கூறியல் சட்டத்தின் பின்புலம்

இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைக் குற்றவாளிகளின் உடல்களை அறுவை மருத்துவர்க்கு அளித்தது. அறுத்தாய்தல் அங்கே தண்டனையின் ஒரு பகுதி. அவ்வுடல்கள் போதாமையால் கல்லறைத் திருட்டு பெருகியது. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் இருவரும் பிணங்களை விற்பதற்காகவே கொலைகள் புரிந்தமை வெளிப்பட்டது. 1832ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம் இதற்குத் தீர்வாக வந்தது. ஏழையர் இல்லங்களில் இறந்து எவரும் கோராத உடல்கள் மருத்துவப் பள்ளிகளுக்குச் சென்றன. குற்றவாளிக்குரிய தண்டனை இவ்வாறு ஏழைக்கு இடம் மாறியது.

இந்தியாவில் 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தர் மனித உடலை அறுத்தாய்ந்தது மருத்துவக் கல்வியில் ஒரு திருப்பம். விடுதலைக்குப் பின் பம்பாய் 1949இலும், சென்னை மாகாணம் 1951இலும் உடற்கூறியல் சட்டங்களை இயற்றின. பின்னதே இன்றைய தமிழ்நாடு உடற்கூறியல் சட்டம். கோரப்படாத உடல்களை மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வின்பொருட்டு வழங்குவதே அதன் நோக்கம். திருநெல்வேலியில் 1965இலும் தூத்துக்குடியில் 2000இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தோன்றியபின் இச்சட்டம் இப்பகுதியில் நேரடிப் பொருளுடையதாயிற்று.

3. கடல் ஒதுக்கும் உடல்

கரையொதுங்கும் உடலின் வழி வேறு. ஐயத்திற்குரிய சாவு என்பதால் முதலில் காவல்துறையின் விசாரணை நிகழ வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு இதனை விதித்தது; 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு அவ்விடத்தில் உள்ளது. பிரேதப் பரிசோதனைக்கு உட்பட்டதும் உப்புநீரில் சிதைந்ததுமான உடல் உடற்கூறியல் பாடத்திற்குப் பெரும்பாலும் பயன்படாது. எனவே அது பொதுச்செலவில் அடக்கம் செய்யப்படுகிறது. பின்னர் அடையாளம் காணும் தேவை எழக்கூடும் என்பதால் எரிப்பதைவிடப் புதைப்பதே ஏற்றது. ஆகவே அறுத்தாய்வு மேசையை அடைவோர் பெரும்பாலும் கடலில் மாண்டவர் அல்லர். நோயுற்று மருத்துவமனையில் தனித்து இறந்த ஏழையரே.

இங்கு ஓர் ஒப்பீடு தகும். 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, கரையொதுங்கிய கப்பற்சேதப் பொருளை அதன் உரிமையாளர் ஓராண்டுக்குள் கோர முடிந்தது. உடல் அவ்வளவு காலம் காத்திராது என்பது உண்மையே. எனினும் உடல் அழிந்தபின்னும் நீடிக்கக்கூடிய ஆடை, உடைமை, நிழற்படம், மரபணு மாதிரி ஆகியவற்றைப் பேணுவதற்கு அக்காரணம் தடையாகாது.

4. உடலற்ற குடும்பம், குடும்பமற்ற உடல்

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இச்சிக்கலைத் தெளிவாக்கியது. கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் திரும்பவில்லை. வேற்று மாநிலக் கரைகளில் கிடைத்த உடல்களை மரபணுச் சோதனையால் அடையாளம் காண வேண்டியிருந்தது. ஒரு கரையில் பெயரற்ற உடலும் மறு கரையில் உடலற்ற குடும்பமும் இருந்தன. உடல் கிடைக்காதபோது, ஏழாண்டுகள் செய்தியற்றிருந்தாலன்றி ஒருவரை இறந்தவராகக் கருத சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடமளிக்கவில்லை. அவ்விதி இன்றைய சாட்சியச் சட்டத்தின் 111ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதுவரை மனைவிக்குக் கைம்பெண் என்னும் சட்டநிலையும் இல்லை. ஆகவே அடையாளம் காணப்படாத அடக்கம் இறந்தவரை மட்டுமன்றி உயிருள்ளோரையும் பாதிக்கிறது.

5. நல்லடக்க உரிமை

மனித மாண்பு இறந்த உடலுக்கும் உரியது என உச்ச நீதிமன்றம் பரமானந்த் கடாரா வழக்கில் 1995இல் ஏற்றது. வீடற்றோர்க்கு அவரவர் சமயமுறைப்படி நல்லடக்கம் உண்டு என்பதை 2002ஆம் ஆண்டு ஆசிரய அதிகார் அபியான் வழக்கு உறுதிசெய்தது. 2007இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் நல்லடக்கத்தை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புடன் இணைத்தது.

முடிவுரை

1832இன் சட்டம் வறுமையை இசைவாகக் கொண்டது; கோருவார் இல்லை என்பதே இறந்தவரின் ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. 1951ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வடிப்படையிலேயே அமைந்தது. மருத்துவக் கல்விக்கு உடல் இன்றியமையாதது. ஆனால் அத்தேவையை ஏழையர் மட்டும் நிறைவேற்ற வேண்டியதில்லை, தன்விருப்ப உடற்கொடை அதற்கு நேர்மையான வழி. கடற்சாவுகளைப் பொறுத்தவரை, அடக்கத்திற்கு முன் மரபணு மாதிரி எடுத்தலும் புதைகுழிக்கு எண்ணிட்டுப் பதிதலும் கட்டாயமாதல் வேண்டும். தாமதமாக வரும் உறவினர்க்கு ஒரு குழியையேனும் காட்ட முடிந்தால்தான் பொதுச்செலவிலான அடக்கம் அடக்கம் எனப்படும். இல்லையேல் அது அப்புறப்படுத்தல் மட்டுமே.