சாய்ந்த மரத்தை வீழ்த்துதல்

சாய்ந்த மரத்தை வீழ்த்துதல் என்பது, தண்டின் சாய்வினாலும் ஒருபக்கக் கிளைப் பாரத்தினாலும் தன்போக்கில் விழ முனையும் மரத்தை, வெட்டுபவர் தேர்ந்த திசையில் விழச்செய்யும் முறையாகும். விழவேண்டிய பக்கத்தில், தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ 5-இல் ஒரு பங்கு முதல் 4-இல் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி அகற்றுவது வாய்வெட்டு எனவும், எதிர்ப்பக்கத்திலிருந்து அறுப்பது பின்வெட்டு எனவும், இவ்விரண்டுக்கும் இடையே அறுக்காமல் விடப்படும், விட்டத்தில் ஏறத்தாழ 10-இல் ஒரு பங்கு தடிப்புள்ள பகுதி கீல் எனவும் கொள்ளப்படும். கதவைக் கீல் தாங்கித் திருப்புவதுபோல, விழும் மரத்தைப் பிடித்து வழிநடத்துவது இதுவே.

மரம் பக்கவாட்டில் சாய்ந்திருப்பின், சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் இழுவிசையைத் தாங்கும் நார்கள் மிகுந்திருக்குமாறு கீலின் அம்முனை தடித்து விடப்படும். விழவேண்டிய திசைக்கு எதிராகச் சாய்ந்த மரத்தின் பின்வெட்டில் ஆப்புகள் அடிக்கப்பட்டு, உயரத்தில் கட்டிய கயிறு விழும் திசையில் இழுக்கப்படும். விழும் திசையிலேயே மிகுதியாகச் சாய்ந்த மரம், பின்வெட்டு முடியுமுன் நெடுக்காகப் பிளந்து வெட்டுபவரைத் தாக்கக்கூடும் என்பதால், கீலுக்குப் பின்னே தண்டினைத் துளைத்து அறுத்து, பின்புறம் விட்டுவைத்த சிறு பிடிப்பைக் கடைசியில் துண்டிப்பர். உள்ளே உளுத்த மரத்தில் கீலை நம்பலாகாது. அதனை மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதே பாதுகாப்பானது.