மூட்டினுள் செலுத்தும் மருந்து

முழங்கால் வலியால் வருந்தும் ஒருவரிடம் வைத்தியர் 'ஸ்டீராய்டு ஊசி' என்று சொன்ன மாத்திரத்தில், வீட்டில் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. 'கைகண்ட மருந்து' என்பது ஒரு கட்சி. 'நஞ்சு' என்பது மற்றது. இரண்டு எண்ணங்களும் ஒரே வரலாற்றில் பிறந்தவை. அதனை அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகருக்கு நாம் செல்லவேண்டும்.

அங்குள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் பிலிப் ஹென்ச், 1929-ஆம் ஆண்டில் ஒரு விந்தையைக் கண்டார். முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சட்காமாலை வந்தது. வந்ததும் மூட்டுவலி தணிந்தது! கருவுற்ற பெண்டிரிடமும் இத்தகைய தணிவு காணப்பட்டது. வலியை அடக்கும் ஏதோ ஒரு பொருளை உடலே உண்டாக்குகிறது என்று அவர் ஊகித்தார். அதே நிலையத்தில் எட்வர்டு கெண்டல் என்ற இரசாயன அறிஞர், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளின் புறணியிலிருந்து பல பொருள்களைப் பிரித்து, ஆங்கில எழுத்துக்களையே அவற்றிற்குப் பெயராக இட்டிருந்தார். (பெயரிடுவதில் இத்தகைய சிக்கனம் நம் போன்ற மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிய உபகாரம்.) அவற்றுள் 'ஈ' என்பதே பின்னர் கார்ட்டிஸோன் எனப் பெயர் பெற்றது.

மாட்டின் பித்தநீரிலிருந்து தொடங்கி, முப்பதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து அப்பொருளைச் செய்யவேண்டியிருந்தது. 1948 செப்டம்பர் 21 அன்று, முடக்குவாதத்தால் நடமாட்டம் குன்றியிருந்த 29 வயது மாது ஒருவருக்கு அது முதன்முதலாகத் தசையில் செலுத்தப்பட்டது. ஒரு வாரத்தில் அவர் கடைவீதிக்குச் சென்று வந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

களிப்பு நீடிக்கவில்லை. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்தால் முகம் உப்பியது, எலும்பு நலிந்தது, சிலருக்கு மனமும் கலங்கியது. 'நஞ்சு' என்ற பெயர் அப்போது வந்ததே. ஒரு மூட்டைக் காக்க உடல் முழுவதும் மருந்தைப் பரப்புவானேன்? 1951-இல் பிலடெல்பியாவின் டாக்டர் ஜோசப் ஹாலண்டர், ஹைட்ரோகார்ட்டிஸோனை மூட்டினுள்ளேயே செலுத்திய முடிவுகளை வெளியிட்டார். கார்ட்டிஸோன் கல்லீரலில் ஹைட்ரோகார்ட்டிஸோனாக மாறிய பின்னரே வேலை செய்வது. ஆகவே மூட்டினுள் அது சோபிக்கவில்லை. பின்னர், எளிதில் கரையாத நுண்துகள்களாக மெதில்பிரெட்னிசோலோன், டிரையாம்சினோலோன் முதலியவை வந்தன. தோள், முழங்கை, குதிகால் ஆகியவற்றின் வலிக்கும் ஊசி பரவிற்று.

இவ்விடத்தில்தான் 'கைகண்ட மருந்து' கட்சியார் சற்று நிதானிக்கவேண்டும். முழங்கால் தேய்மானமுள்ள 140 பேரை இரண்டாண்டுகள் ஆராய்ந்த முடிவு 2017-இல் வெளியாயிற்று. பாதிப் பேருக்கு 12 வாரங்களுக்கு ஒருமுறை டிரையாம்சினோலோன். ஏனையோருக்கு வெறும் உப்புநீர். வலியில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. மருந்து பெற்றோரின் குருத்தெலும்போ அதிகம் தேய்ந்திருந்தது. முழங்கையின் தசைநார் வலியிலும் ஊசி சில வாரங்களே சுகம் தருகிறது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், அதனைப் போட்டுக்கொள்ளாதவர்களே நலமாக இருக்கின்றனர். ஆயினும், வீங்கிக் கனலும் ஒரு மூட்டைச் சில வாரங்கள் அமைதிப்படுத்தி, பயிற்சிக்கு வழிவிட இன்றும் இது உதவுகிறது.

மூட்டில் கிருமி புகுந்திருந்தால் இம்மருந்தைச் செலுத்தலாகாது. நீரிழிவு உடையோருக்கு ஊசிக்குப்பின் சில நாட்கள் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். வெளிமாநிலத்தில் வைத்தியரின் மொழி சரளமாக வராத நம்மவர், தமக்கு நீரிழிவு உண்டு என்பதை ஒரு சீட்டில் எழுதுவித்தேனும் முன்கூட்டிக் காட்டுவது நன்று.