ஈர்ப்பும் என்ட்ரோபியும்

தனித்துவிடப்பட்ட ஓர் அமைப்பின் என்ட்ரோபி, அதாவது ஆற்றல் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு, குறையாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. என்ட்ரோபி என்ற பெயரை 1865இல் வைத்தவர் கிளாசியஸ். ஈர்ப்பு விசையும் இந்த விதிக்குள் அடங்கியதே; ஆனால் அடங்கும் விதம் வியப்பூட்டுவது.

எளிய நிலையை நாஞ்சில் நாட்டில் பூதப்பாண்டியை ஒட்டி ஓடும் பழையாற்றிலேயே காணலாம். நீர் இறங்க இறங்க அதன் நிலையாற்றல் சுழிப்பும் இரைச்சலுமாகி, கடைசியில் வெப்பமாகிறது. 100 மீட்டர் இறங்கிய நீரில் இதனால் ஏறும் சூடு கால் டிகிரிக்கும் குறைவு, கைவைத்தால் தெரியாது. ஆனாலும் அந்தச் சூடு தானாகத் திரண்டு ஆற்றை மலைக்கு ஏற்றிவிடாது.

விண்வெளியில்தான் புதிர். பெட்டிக்குள் அடைத்த வாயு சீராகப் பரவும். பெரும் வாயு மேகமோ தன் ஈர்ப்பால் சுருங்கி விண்மீனாகிறது. விதி மீறப்பட்டதா? இல்லை. சுருங்கும்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி மேகத்தைச் சூடாக்குகிறது, மறுபாதி ஒளியாக வெளியேறுகிறது. மேகம் இழந்த என்ட்ரோபியைவிட அந்த ஒளி சுமந்து செல்வது அதிகம். ஆற்றலை இழக்க இழக்கச் சூடேறும் இப்பண்பே எதிர்க்குறி வெப்ப ஏற்புத்திறன். இதைப் பற்றித் திருவனந்தபுரத்தில் பிறந்த இயற்பியலாளர் தாணு பத்மநாபன் (1957–2021) 1990இல் 'பிசிக்ஸ் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதிய விரிவான கட்டுரை, இத்துறைக்குள் நுழைவோர் தவறவிடக் கூடாதது.

சூரியனும் இப்படித் திரண்டதுதான். அது அனுப்பும் ஒரு ஃபோட்டானுக்கு ஈடாகப் பூமி சுமார் 20 அகச்சிவப்பு ஃபோட்டான்களை வெளியே விடுகிறது. ஆற்றல் அதே அளவு, என்ட்ரோபி பல மடங்கு. கடல்நீரை மேகமாக்கி மலையில் பொழிவிப்பதும், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு பருவங்களில் நெல் விளைவதும் இந்த வேறுபாட்டால்தான்.

திரட்சியின் எல்லை கருந்துளை. அதன் என்ட்ரோபி, ஒளியும் மீள முடியாத நிகழ்வு எல்லையின் பரப்பளவைப் பொறுத்தது என்று பெக்கன்ஸ்டைன் 1970களின் தொடக்கத்தில் வாதிட்டார்; கருந்துளைக்கு வெப்பநிலை உண்டென்று 1974இல் ஹாக்கிங் காட்டியதும் அந்த வாதம் நிலைபெற்றது. போல்ட்ஸ்மன் மாறிலியின் அலகில் சூரியனின் என்ட்ரோபி சுமார் 10இன் 58ஆம் அடுக்கு; அதே நிறையுள்ள கருந்துளைக்கு 77ஆம் அடுக்கு.

1995இல் இயற்பியலாளர் டெட் ஜேக்கப்சன், வெப்ப இயக்கவியலிலிருந்தே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வருவித்தார். பத்மநாபன் புனேயில் உள்ள ஐயூகா நிறுவனத்தில் இருந்தபடி 2002 முதல் இதை வெகுதூரம் கொண்டுசென்றார். நிகழ்வு எல்லையருகே ஈர்ப்புச் சமன்பாடுகள் வெப்ப இயக்கவியலின் வடிவத்தையே எடுக்கின்றன என்று காட்டி, ஈர்ப்பு அடிப்படை விசையன்று, காலவெளியின் நுண்கூறுகளின் கூட்டு விளைவு என்று கருதினார். அந்த நுண்கூறுகள் எவை என்பதற்குச் சோதனைச் சான்று இன்னும் கிட்டவில்லை.